தோல் முதல் என்பு வரை

தமிழ் இலக்கணம் பயிலப் புகும் மாணவன் முதலிற் கற்பன உயிரும் மெய்யும். மெய் தானே இயங்காது, உயிர் கூடியவிடத்தே இயங்கும் என்பதை அவன் இளமையிலேயே மனனம் செய்துவிடுகின்றான். எழுத்தாகிய மெய்யை இத்துணை நுணுக்கமாக ஆராயும் நாம், பிறந்த நாள் தொட்டு எம்மோடு கூடவரும் உடம்பாகிய மெய்யை எவ்வளவு அறிந்துள்ளோம்? எம் கல்லூரியின் விழா மலரில் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை இலக்கியம் பற்றியதாகவே இருக்கும் என எதிர்பார்ப்போர் பலர். ஆயினும் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வது எம் தொழில். உடம்பைப் பற்றிய சொற்கள் எம்மிடம் நிறைய உண்டு. அவற்றின் பொருளையே நாம் மறந்து வருகின்றோம். இம்மறதியால் வரும் கேடு சிறிதன்று.

நோ என்பது இலக்கண நூலார் கூறும் ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்று. எம்மவர் நாவில் அது இன்றும் வழங்குகின்றது. நோவின் வகைகளைக் குறிக்கவும் எரிவு, குத்து, உளைவு, பிடிப்பு, குடைச்சல், சுளுக்கு, விறைப்பு எனத் தனித்தனிச் சொற்கள் உள. எனினும் வைத்தியர் முன் சென்றதும் "உடம்பெல்லாம் நோ" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரே அதிகம். வைத்தியர் ஆங்கிலத்திற் கற்றவர். நோயாளி தமிழில் நோகின்றவர். இவ்விருவருக்கும் இடையில் உள்ள பாலம் சொல்லே. அது தளர்ந்தால் மருந்தும் தளரும். எந்த நோ எவ்விடத்திற் பிறக்கின்றது என்பதை அறிதற்கு, தோல், தசை, மூட்டு, என்பு என்னும் நான்கின் அமைப்பையும் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவை தமிழிற் சொல்லத்தகும் பொருள்களோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். கிறே என்பாரின் உடற்கூற்று நூல் இலண்டனில் 1858-இல் முதன்முதல் வெளிவந்தது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தை எம்மவர்க்குத் தமிழிலேயே கற்பித்தவர். அவருடைய முயற்சியால் கிறேயின் நூல் 1872-இல் "மனுஷ அங்காதிபாதம்" என்னும் பெயரோடு தமிழுருப் பெற்றது. ஆங்கில நூல் தோன்றிப் பதினான்கு ஆண்டுகளுக்குள் எம் மொழி அப்பொருளைத் தாங்கியது. இன்று தாங்காது என்பதற்கு நியாயம் இல்லை.

தோல்

தோலை உடம்பின் போர்வை என்று மட்டும் எண்ணுதல் தவறு. அது ஓர் உறுப்பு; உறுப்புக்களுள் மிகப் பெரியது. வளர்ந்த ஒருவரின் தோல் ஏறத்தாழ 2 சதுர மீற்றர் பரப்புடையது. அது மேற்றோல், உட்டோல் என இரு படைகளால் ஆயது. அவற்றின் கீழே கொழுப்புப் படை ஒன்று மெத்தை போல அமைந்துள்ளது.

மேற்றோலில் குருதிக் குழாய்கள் இல்லை. அதன் அடியில் புதிய கலங்கள் இடையறாது பிறந்து மேனோக்கி நகர்கின்றன. நகரும்போதே அவை இறந்து, தட்டையாகி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்ந்து போகின்றன. எனவே நாம் தொட்டுப் பார்க்கும் தோலின் மேற்பரப்பு இறந்த கலங்களின் அடுக்கே ஆகும். அவ்விறந்த அடுக்கே கிருமிகளும் நீரும் உட்புகாவாறு எம்மைக் காக்கின்றது. செருப்பின்றி நடப்பவனின் உள்ளங்கால் தடிப்பதும், மண்வெட்டி பிடிப்பவனின் உள்ளங்கை காய்ப்பதும், உராய்வுக்கு ஏற்பத் தோல் தன்னை வலுப்படுத்திக்கொள்வதன் விளைவு.

மேற்றோலின் அடியிலுள்ள நிறக் கலங்கள் மெலனின் என்னும் பொருளை ஆக்குகின்றன. அது வெயிலின் ஊதாக் கடந்த கதிர்களைத் தடுப்பது. வெண்ணிறத்தாரிடத்தும் கருநிறத்தாரிடத்தும் இக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. நிறம் பற்றி உயர்வு தாழ்வு பேசுவோர் இதனை ஓர்தல் நன்று.

உட்டோலிலேதான் குருதிக் குழாய்களும், மயிரின் வேர்களும், நரம்பு முனைகளும், வியர்வைச் சுரப்பிகளும் உள. வியர்வைச் சுரப்பிகள் 20 முதல் 40 இலட்சம் வரை இருக்கும். வியர்வை வழிவதனால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாவதனாலேயே குளிர்கின்றது. மழைக்கு முந்திய நாள்களில் காற்றில் ஈரம் மிகுந்திருத்தலின் வியர்வை ஆவியாகாது தேங்குகின்றது. அந்நிலையையே புழுக்கம் என்கின்றோம்.

தோலின் நோ எரிவு, குத்து, கடி என வரும். இடத்தை விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாய் இருக்கும். இங்கே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. நெருப்பு மேலோட்டமாகச் சுட்டால் கடுமையாக எரியும். உட்டோலையும் கடந்து சுட்டால் நரம்பு முனைகளே அழிந்துவிடுதலின் நோ தோன்றாது. ஆகவே சுட்ட புண்ணில் நோ இல்லை என ஆறுதல் கொள்ளலாகாது. சுட்டவுடன் செய்யத்தக்கது, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் அவ்விடத்தைப் பிடித்திருத்தலே. பற்பசை, எண்ணெய், மை முதலியன பூசுதல் தீது. நீரிழிவு நெடுங்காலம் கட்டுப்படாதிருந்தாலும் பாதத்தின் உணர்வு மழுங்கும். முள் தைத்ததும் தெரியாது, புண் பழுத்ததும் தெரியாது. நோ இன்மையும் ஒரு நோயாதல் கூடும்.

தசை

தோலையும் கொழுப்பையும் நீக்கினால் தோன்றுவது தசை. உடம்பின் தசைகள் மூவகைப்படும். இதயத்தில் மட்டும் உள்ளது இதயத்தசை. குடல், இரைப்பை, குருதிக் குழாய் முதலியவற்றின் சுவர்களில் உள்ளது மழமழப்பான தசை. என்புகளோடு தொடர்புற்று எம் விருப்பப்படி இயங்குவது வன்கூட்டுத் தசை. மூன்றாவது வகையில் மட்டும் 600-க்கு மேற்பட்ட தசைகள் உள. வளர்ந்த ஆணின் உடல் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இவற்றினுடையது.

தசைக்குத் தெரிந்த தொழில் ஒன்றே: அது சுருங்கி இழுக்கும். தள்ள அதற்குத் தெரியாது. ஆதலின் தசைகள் பெரும்பாலும் எதிரெதிர்ச் சோடிகளாய் அமைந்துள்ளன. மேற்கையின் முன்புறத்து இருதலைத்தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். பின்புறத்து முத்தலைத்தசை சுருங்கினால் அது நீளும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கின்றது.

இருதலைத்தசை, முழங்கையிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில் முன்கை என்பைப் பற்றியுள்ளது. உள்ளங்கையோ முழங்கையிலிருந்து ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் அப்பால் உள்ளது. ஆகவே முழங்கையைச் செங்கோணமாக மடக்கி 5 கிலோகிராம் அரிசிப் பையை ஏந்தி நிற்பவனின் தசை, அதன் ஏழு மடங்கு, அதாவது 35 கிலோகிராம் சுமைக்கு ஈடான விசையோடு இழுக்கவேண்டும். இஃது இயற்கையின் வீண் செலவு போலத் தோன்றும். எம்மூர்க் கிணற்றடியில் முன்னர் நின்ற துலாவை நினைவு கொண்டால் உண்மை விளங்கும். துலாவின் குறுகிய அடிப்பக்கம் சிறிது தாழ, நீண்ட நுனிப்பக்கம் பெருந்தூரம் உயர்ந்து வாளியைக் கொணர்ந்தது. அவ்வாறே தசை சில சென்ரிமீற்றர் சுருங்க, கை பெருந்தூரம் விரைந்து செல்கின்றது. விசையை இழந்து வேகத்தைப் பெறுகின்றோம். பந்தெறிவதும் எழுதுவதும் மத்தளம் கொட்டுவதும் இவ்வேகத்தாலேயே கைகூடுகின்றன.

தசையை என்போடு பிணைக்கும் உறுதியான கயிறு சிரை எனப்படும். குதிக்காலின் பின்னே தடித்த நாண் போல் விரலுக்குத் தட்டுப்படுவது சிரையே. இவ்விடத்திற் சொல் பற்றிய குழப்பம் ஒன்றைக் களைதல் வேண்டும். பேச்சு வழக்கில் நாம் புறங்கையில் நீலமாகத் தெரிவதையும் நரம்பு என்கின்றோம். முழங்காலின் பின்னே கயிறாய்த் தெரிவதையும் நரம்பு என்கின்றோம். சுளுக்கினால் "நரம்பு பிரண்டுவிட்டது" என்கின்றோம். முதலாவது குருதியை இதயத்துக்குக் கொண்டு செல்லும் நாளம். இரண்டாவது சிரை. மூன்றாவது பெரும்பாலும் தசையிலோ மூட்டைக் கட்டும் இணையத்திலோ ஏற்பட்ட ஊறு. உண்மையான நரம்பு மூளையிலிருந்தும் முண்ணாணிலிருந்தும் செய்தி கடத்தும் வெண்ணிற இழை. அது பெரும்பாலும் ஆழத்தில் மறைந்து கிடப்பது. நரம்பு நசுங்கினால் மின்னல் போன்ற நோ ஓடும், அல்லது விறைப்பும் சோர்வும் உண்டாகும். ஒரே சொல்லால் மூன்றையும் சுட்டினால் வைத்தியர் எதனை விளங்கிக்கொள்வார்?

தசையின் நோ உளைவும் பிடிப்புமாகும். விளையாட்டுப் போட்டிக்கு மறுநாள் மாணவர் கால்களில் எழும் உளைவு, பழகாத வேலையால் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய கிழிவுகளின் விளைவு. சில நாளில் தானே தணியும். தணிந்த பின் அத்தசை அவ்வேலைக்கு முன்னினும் நன்கு பழகியிருக்கும்.

மூட்டு

என்பும் என்பும் சந்திக்கும் இடம் மூட்டு. மண்டையோட்டின் என்புகளைப் போல அசையாது பொருந்தியவை சில. முள்ளந்தண்டின் என்புகளைப் போலச் சிறிதே அசைவன சில. தாராளமாக அசைவனவே நாம் பொதுவாக மூட்டு என்று சொல்பவை. தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுக்கள். முழங்கை கதவின் பிணைச்சலைப் போல்வது. கழுத்தின் உச்சியில் உள்ள இரு மூட்டுக்களுள் மேலுள்ளது "ஆம்" எனத் தலையை மேலுங் கீழும் அசைக்க உதவும். அதன் கீழுள்ளது "இல்லை" எனப் பக்கங்களுக்குத் திருப்ப உதவும்.

அசையும் மூட்டில் என்பு முனைகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கும். சுற்றிலும் ஓர் உறை. அதனுள் முட்டை வெண்கருப் போன்ற பாய்பொருள் சிறிதளவு. என்பை என்போடு கட்டும் பட்டிகை இணையம் எனப்படும். கசியிழையத்திற்குக் குருதிக் குழாய் இல்லை. அது தன் உணவை இப்பாய்பொருளிலிருந்தே பெறுகின்றது. மூட்டு அசையும்போது கசியிழையம் பஞ்சு போல அமுங்கியும் விரிந்தும் அதனை உறிஞ்சுகின்றது. ஆகவே அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. குருதி இன்மையாலேயே, ஒருமுறை தேய்ந்த கசியிழையம் எளிதில் வளர்வதில்லை.

இயற்கை மூட்டுக்குத் தரும் வரங்களில் ஒன்றை மிகுத்தால் மற்றொன்றைக் குறைக்கும். தோளின் கிண்ணம் ஆழமற்றது. ஆதலின் கை எத்திசையும் சுழலும். அதனாலேயே தோள் மிக எளிதில் விலகும். இடுப்பின் கிண்ணம் ஆழமானது. அசைவு குறைவு, உறுதி மிகுதி. நடக்கும்போது முழங்கால், உடல் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமையைத் தாங்குகின்றது. எனவே உடல் நிறையில் 5 கிலோகிராமைக் குறைப்பவர் முழங்காலுக்கு அடிதோறும் 10 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமையைக் குறைக்கின்றார்.

மூட்டு நோவில் இருவகை வேற்றுமை அறிதல் வேண்டும். நடக்க நடக்கக் கூடி, இருக்கத் தணிவது பெரும்பாலும் தேய்வினால் வருவது. காலையில் எழும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் நின்று, அசைய அசையத் தணிவதும், விரல் மூட்டுக்கள் வீங்குவதும் அழற்சியால் வருவது. பின்னையதற்குக் காலந் தாழ்த்தாது மருந்து கொண்டால் மூட்டுச் சிதையாது காக்கலாம். "வயது போனால் இப்படித்தான்" என இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பொறுத்திருத்தல் பேதைமை.

என்பு

என்பைப் பற்றி எம்மிடையே நிலவும் தவறான எண்ணத்துக்குக் காரணம், நாம் அதனைக் காணும் இடம். காடாற்றும் நாளில் சாம்பலிடையே பொறுக்கும் வெண்ணிறத் துண்டுகளையே நாம் என்பு என்று அறிவோம். ஆதலின் அது காய்ந்தது, வறண்டது, உயிரற்றது என எண்ணிவிட்டோம். உயிருள்ளவரின் என்பு ஈரமானது, குருதி ஓடுவது, முறிந்தால் தானே பொருந்துவது.

பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 என்புகள் உள. வளர வளரச் சில ஒன்றோடொன்று இணைதலின், வளர்ந்தோரிடத்து 206 ஆகின்றன. அவற்றுள் 106 கைகளிலும் பாதங்களிலும் உள்ளவை. மிக நீண்டது தொடை என்பு; மிகச் சிறியது நடுச்செவியுள் இருக்கும் அங்கவடி வடிவான என்பு. நாவின் அடியில், வேறெந்த என்போடும் மூட்டுறாது, தசைகளாலும் இணையங்களாலும் தொங்கும் வளைவான என்பு ஒன்றுண்டு. நாவை இயக்கும் தசைகள் சில அதனைப் பற்றியே தொழிற்படுகின்றன. நாம் ழகரத்தை ஒலிக்கும்போது அதற்கும் ஒரு நன்றி கடப்பாடு உண்டு.

என்பின் உறுதி இரு பொருள்களின் கூட்டால் ஆயது. அதனைச் சிறு சோதனையால் மாணவர் தாமே காணலாம். கோழிக்காலின் என்பொன்றை ஒரு வாரம் வினாகிரியில் ஊறவிட்டால் அதன் கல்சியம் கரைந்து, றப்பரைப் போல வளையும். வேறொன்றை நெருப்பிலிட்டுச் சுட்டால் அதன் நார்ப்பொருள் எரிந்து, தொட்டவுடன் நொறுங்கும். உப்பு இன்றேல் வளையும்; நார் இன்றேல் நொறுங்கும். இரண்டும் கூடியவிடத்தே என்பு தாங்கும்.

என்பின் உள்ளே உள்ள செம்மச்சை, நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் செங்குருதிக் கலங்களை ஆக்குகின்றது. உடம்பின் கல்சியத்தில் 99 சதவீதம் என்பிலும் பல்லிலும் சேமிக்கப்பட்டுள்ளது. குருதியிற் கல்சியம் குறையுமாயின் உடம்பு அதனை என்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். என்பைக் கரைக்கும் கலங்களும் கட்டும் கலங்களும் வாழ்நாள் முழுவதும் தொழில் செய்கின்றன. வளர்ந்தோரின் வன்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுக்கப்படுகின்றது.

எங்கே கட்டுவது என்பதை அக்கலங்களுக்கு அறிவிப்பது சுமை. சுமை ஏறும் இடத்தில் என்பு தடிக்கும். சுமை நீங்கிய இடத்தில் மெலியும். இதனை 1892-இல் ஜேர்மனிய வைத்தியர் யூலியசு வொல்வ் நூலாக வெளியிட்டார். ரெனிசு வீரர் மட்டை பிடிக்கும் கையின் என்பு மற்றக் கையின் என்பிலும் தடித்திருத்தலும், நிறையை உணராது விண்வெளியில் வாழ்வோர் இடுப்பு என்பின் செறிவில் மாதத்துக்கு 1 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ இழத்தலும் இதற்குச் சான்று. நாற்காலியை விட்டெழாதவன் தரையிலிருந்தே இவ்விழப்பை ஓரளவு தேடிக்கொள்கின்றான்.

என்பு நோவின் இயல்பு ஆழ்ந்த குடைச்சல். அது இரவிலும் ஓய்விலும் தணியாது நிற்குமாயின் அலட்சியம் செய்யலாகாது. முறிவு ஏற்பட்டால், முறிந்த இடத்தைத் தடவி எண்ணெய் போடாது, மேலும் கீழும் உள்ள மூட்டுக்கள் அசையாவாறு தடி வைத்துக் கட்டி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

நோவின் மொழி

இதுவரை கூறியவற்றைத் தொகுப்பின், எரிவும் கடியும் பெரும்பாலும் தோலைச் சுட்டும். உளைவும் பிடிப்பும் தசையை. அசைவோடு கூடிக் குறைவது மூட்டை. ஆழ்ந்த குடைச்சல் என்பை. மின்னலும் விறைப்பும் நரம்பை. இவ்வரையறை விதிவிலக்கு உடையது. ஆயினும் வழிகாட்டப் போதியது. எங்கே, எப்போது தொடங்கிற்று, எதனாற் கூடும், எதனாற் குறையும் என்னும் நான்கையும் சேர்த்துச் சொல்பவன் வைத்தியரின் வேலையிற் பாதியைச் செய்து முடித்தவன்.

தாமதிக்கத் தகாதனவும் சில உள. நாரி நோவோடு கால்கள் சோர்ந்து, இருக்கும் இடம் விறைத்து, சிறுநீர் அடக்கமோ போக்கோ மாறினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அவ்வாறே செய்க. நெஞ்சை அழுத்தி இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவைத் தசைப்பிடிப்பு என எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருத்தல் உயிருக்கே இறுதி ஆகலாம். அது இதயத்தின் குரல்.

மாணவர்களே, உங்கள் என்பின் செறிவு இருபதுகளின் இறுதிக்குள் தன் உச்சத்தை எய்திவிடும். பின்னர் அந்தச் சேமிப்பிலிருந்து செலவே மிகும். ஓடுங்கள், பாயுங்கள், வெயிலில் விளையாடுங்கள். வெயில் பட்ட தோலில் உண்டாகும் உயிர்ச்சத்து டீ இன்றேல், உண்ட கல்சியம் குடலிலிருந்து போதிய அளவு உடம்பிற் சேராது. குரக்கனும் எள்ளும் கீரையும் பாலும் சிறுமீனும் எம் அடுக்களைக்குப் புதியன அல்ல. ஆசிரியர்களே, பாடவேளைகளிடையே பிள்ளைகளை ஒருமுறை எழுந்து நிற்கச் செய்வது நேரத்தை வீணாக்குவது ஆகாது. பழைய மாணவர்களாகிய பெரியோர்களே, இழப்பை முற்றும் நிறுத்தல் இயலாதெனினும் அதன் வேகத்தைக் குறைத்தல் இயலும். எழுபதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும். நாளும் நடவுங்கள், படியேறுங்கள், பாதத்தை நாள்தோறும் பாருங்கள். உங்கள் இல்லத்துப் பெண்களையும் இவ்வறிவினின்று விலக்காதீர்கள். மாதவிடாய் நின்றபின் என்பின் இழப்பு விரைவதனால், இடுப்பு முறிந்து படுக்கையில் வீழ்வோரிற் பெரும்பாலார் அவர்களே.

உயிரெழுத்தோடு கூடிய மெய்யையே நாம் ஒலிக்கின்றோம். உயிரோடு கூடிய இவ்வுடம்பையும் அதன் சொற்களை அறிந்து பேணுவோமாக.